பிச்சைக்கு உதவாத கை

1947. செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, முடிந்தவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பால் பிராண்ட். விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிப்போன கை அது. பிடித்த பிடியில் டாக்டருக்கே வலி தாங்கவில்லை. செத்துப்போனதாக நினைத்த கைக்குள் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

முன்கையிலிருந்து. தொழுநோய் முழங்கை அருகே நரம்பைத் தாக்கும்போது உள்ளங்கையின் சின்னத் தசைகள் படுத்துவிடுகின்றன. முன்கையின் பெரிய தசைகள் பலவும் தப்பிவிடுகின்றன. தப்பிய ஒன்றின் தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் மறுபடி நிமிரும். முறை புதுசு இல்லை. தொழுநோயாளியின் சதை ஆறாது என்ற நம்பிக்கைதான் அதுவரை யாரையும் கத்தியை எடுக்கவிடவில்லை. கொல்லிமலையில் பிறந்த பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் அதைச் செய்து பார்த்தார். ஆறியது.

ஆனால் கத்தி செய்கிற வேலை கொஞ்சம்தான். விறைத்த விரலை முதலில் மாவுக்கட்டு போட்டு நிமிர்த்த வேண்டும்: சில நாளுக்கொரு முறை பிரித்து, முன்பைவிடக் கொஞ்சம் நேராக மறுபடி கட்டு. அறுவை முடிந்தபின் மூளைக்குப் பாடம். இதுவரை விரலை மடக்கிய தசைக்கு இப்போது வேறு வேலை. வாரக்கணக்கில் பழக்க வேண்டும்.

அப்படித் தேறிப் போனவர்கள் சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். கை நேரானதும் பிச்சை விழவில்லை. நோயின் வடு இருப்பதால் வேலை தரவும் ஆளில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தப் பக்கவிளைவு இருந்திருக்காது. அதற்காகவே கல்லூரி வளாகத்தில் குடிசைகள் போட்டு ‘புதுவாழ்வு மையம்’ தொடங்கினார்கள். தச்சு, பொம்மை செய்வது என்று தொழில் பழக்கினார்கள்.

அங்கேதான் அடுத்த சிக்கல். பிராண்டால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு பையன் சட்டென்று திறந்தான். பார்த்தால் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு உறைக்கவே இல்லை. சாவியின் தலை மெல்லிசு. அவ்வளவு விசையும் அந்தச் சின்னப் பரப்பில் இறங்கிவிட்டது. வலி தெரிகிறவன் பாதியிலேயே விட்டிருப்பான். உணர்விழந்த கைக்குக் கருவி செய்கிறவர்கள் பிடியை அகலமாக்குவதும், கூர் விளிம்பை மழுக்குவதும் இதனால்தான்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், வலியையே செய்துவிடலாம் என்று இறங்கினார். அழுத்தத்தை அளக்கும் சென்சார் பதித்த கையுறை. அழுத்தம் மீறினால் காதில் ஒலி. கேட்டும் கேட்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தார்கள். சரி, ஒலிக்குப் பதில் அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். ஸ்குரூவை இறுக்கித் திருக வேண்டுமென்றால் ஸ்விட்சை அணைப்பார்கள், வேலையை முடிப்பார்கள், திரும்பப் போட்டுக்கொள்வார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஸ்குரூ திருக வேண்டியிருந்தது, திருகினார்கள். திட்டத்தைக் கைவிட்டார் பிராண்ட்.