எல்லை தாண்டும் கார்: பழைய வண்டியின் பதிவு மாற்றம் வளர்ந்த கதை

இந்தியாவில் ஒரு மாநிலத்தில் பதிவான கார் நாடு முழுவதும் ஓடலாம். ஆனால் அந்தக் காருக்கான வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெங்களூரில் பதிவான கார் சில நாள் பயணமாக மதுரைக்கு வந்து போவதில் சிக்கல் எதுவும் இல்லை. அதே காரை மதுரைக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி வந்து வீட்டில் நிறுத்திக்கொண்டால், கர்நாடகத்தின் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டின் வரி, புதிய எண், பெயர் மாற்றம் என்று பல படிகளைக் கடக்க வேண்டும். இந்த நடைமுறை ஒரே சட்டத்தில் பிறந்ததன்று. மாகாணங்கள் தனித்தனியே வண்டிகளுக்கு எண் கொடுத்த காலம் தொடங்கி, நூறாண்டுக்கும் மேலாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்தது.

மோட்டார் கார் இந்தியச் சாலைகளுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்போது அதற்கென்று நாடு தழுவிய சட்டம் இல்லை. 1903இல் வங்காளமும் 1907இல் சென்னை மாகாணமும் தமக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றின. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம்தான் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. ஆனாலும் விதிகளை வகுக்கும் அதிகாரம் பெரும்பாலும் மாகாண அரசுகளின் கையிலேயே இருந்தது. கார்களின் எண்ணிக்கை கூடக் கூட, சாலைகளுக்கு ஆகும் செலவை வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்தே பெறுவது என்ற எண்ணம் வலுத்தது. சென்னை மாகாணத்தில் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. பதிவு ஒருபுறமும் வரி மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் இன்றைய அமைப்பின் தொடக்கத்தை இங்கே காணலாம்.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு கொள்கைகளை நிலைநாட்டியது. ஓரிடத்தில் செய்த பதிவு எங்கும் செல்லும் என்பது முதலாவது. ஒரு வண்டி வேறொரு மாகாணத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால், உரிமையாளர் அந்த மாகாணத்தின் புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது இரண்டாவது. எண்ணின் முதல் எழுத்துகளே வண்டியின் ஊரைச் சொல்லும்படி, ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி எழுத்துத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. பழைய சென்னை மாகாண வண்டிகளில் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் எண்களைக் காண முடிந்தது அதனால்தான்.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்புச் சட்டம் பதிவு, வரி என்ற இந்தப் பிரிவினையை உறுதியாக்கியது. வண்டிகள் மீது வரி விதிக்கும் அதிகாரம் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 57ஆம் இனமாக வைக்கப்பட்டது. இயந்திர வண்டிகளும், அவற்றின் மீதான வரிக்குரிய கொள்கைகளும் பொதுப் பட்டியலில் 35ஆம் இனமாயின. பதிவுச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றும். வரியை மாநிலம் வாங்கும். வெளிமாநிலக் கார் வாங்குபவர் எதிர்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இனங்களுக்கும் நடுவில் கிடக்கின்றன.

இதே காலத்தில் மாநில எல்லைகளும் மாறின. 1956 அக்டோபர் வரை கோயம்புத்தூரில் கார் வாங்கிக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோவது சென்னை மாநிலத்துக்குள் நடக்கும் உள்ளூர்க் கொடுக்கல் வாங்கல். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துடன் சேர்ந்ததும், அதே பயணம் மாநிலம் கடந்ததாகிவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் வந்து ஓடும் வண்டிக்கு வரி கேட்பது, வணிகம் நாடெங்கும் தடையின்றி நடக்க வேண்டும் என்னும் 301ஆம் உறுப்புக்கு முரணாகாதா என்ற கேள்வியும் எழுந்தது. ராஜஸ்தான் அரசின் வண்டி வரியை எதிர்த்துப் போக்குவரத்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1962இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வரி வணிகச் சுதந்திரத்தைத் தடுப்பதாகாது என்பது அந்தத் தீர்ப்பு. ஈட்டு வரி என்ற அந்தக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2016இல் கைவிட்டது. வண்டி வரி மட்டும் மாநிலங்களிடமே நிலைத்துவிட்டது.

தொடக்க காலத்தில் பழைய கார்ச் சந்தை சிறியது. அம்பாசடர், ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு கார்கள் என விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே இருந்தன. புதுக் காருக்குப் பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் ஓடிய வண்டிக்கும் நல்ல விலை கிடைத்தது. தெரிந்தவர் மூலமாகவோ, தரகர் மூலமாகவோ, பட்டறைக்காரர் மூலமாகவோ வண்டி கைமாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகும், 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகும் நிலைமை மாறியது. கார்கள் பெருகின, புதுக் கார் வாங்கப் பழையதை விற்பவர்களும் பெருகினர். பெங்களூர், டெல்லி, மும்பை போன்ற நகரங்களில் விலை குறைவாகவும் வண்டி நல்ல நிலையிலும் கிடைத்தால், அங்கே போய் வாங்கி வருவது வழக்கமாயிற்று.

இன்றைய நடைமுறை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைச் சார்ந்தது. அது 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்பு வெளியான அறிவிக்கை, இப்போது எல்லோரும் அறிந்த ஈரெழுத்துக் குறியீடுகளை வழங்கியது. தமிழ்நாட்டுக்கு டி.என்., கர்நாடகத்துக்கு கே.ஏ., கேரளத்துக்கு கே.எல்., புதுச்சேரிக்கு பி.ஒய். அதன்பின் வரும் இரண்டு இலக்கங்கள் எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்பதைக் காட்டும். மாநிலங்களின் பெயரும் எல்லையும் மாறும்போது குறியீடும் மாறியது. ஒடிசாவின் ஓ.ஆர். பின்னர் ஓ.டி. ஆனது. 2014இல் பிறந்த தெலங்கானா டி.எஸ். என்று தொடங்கி, 2024இல் டி.ஜி.க்கு மாறியது.

இந்தச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பதிவு நாடெங்கும் செல்லும் என்கிறது. பன்னிரண்டு மாதம் கடந்தால் புதிய எண் வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. வெளிமாநிலக் கார் வாங்குபவருக்கு முக்கியமானது 48ஆம் பிரிவு. தடையில்லாச் சான்று, அதாவது பேச்சு வழக்கில் என்.ஓ.சி., பற்றியது அது. விற்கும் மாநிலத்தின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து இதைப் பெற வேண்டும். வரி பாக்கி இல்லை, திருட்டு வழக்கு இல்லை, கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் சம்மதிக்கிறார் என்ற மூன்றும் உறுதியான பிறகே சான்று கிடைக்கும். முப்பது நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. படிவத்தில் சேஸிஸ் எண்ணின் பென்சில் தடத்தை எடுத்து ஒட்டுவது வழக்கம். சேஸிஸில் பொறித்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கும் இந்த எளிய முறை, தாளில் உள்ள வண்டியும் வாசலில் நிற்கும் வண்டியும் ஒன்றுதான் என்பதற்குச் சான்றாகிறது.

சான்றுடன் வண்டி சொந்த மாநிலத்துக்கு வந்ததும், புதிய எண்ணுக்குப் படிவம் 27, விற்றதைத் தெரிவிக்கப் படிவம் 29, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30 ஆகியவை தேவைப்படும். வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை மாற்றப் பதினான்கு நாள் கெடு உண்டு. அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்டி, வரி கட்டி, புதிய எண் பெற வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வாழ்நாள் வரி, புதுக் காரின் விலையைப் பொறுத்து 12 முதல் 20 விழுக்காடு வரை செல்கிறது. பழைய காருக்கு அதன் வயதுக்கேற்ப இது குறையும். முந்தைய மாநிலத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் புதிய பதிவை அங்கே காட்டிய பிறகே அது கிடைக்கும். அதனால் வாங்குபவர் முதலில் இரண்டு மாநிலங்களின் வரியையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

வரி வேறுபாடு தனி வழக்கம் ஒன்றையும் உண்டாக்கியது. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால், விலையுயர்ந்த கார்களை அங்கே பதிவு செய்து தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஓட்டுபவர்கள் பெருகினர். காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடு; மாஹேயைச் சுற்றிலும் கேரளம். சில கிலோமீட்டர் தூரம் கடந்தால் வேறு வரி. புதுச்சேரியில் வசிக்காமலே அங்கே முகவரி காட்டியதாக 2017இல் கேரளத்தில் பல வழக்குகள் பதிவாயின. கர்நாடகமோ 2014இல், முப்பது நாளுக்கு மேல் தங்கும் வெளிமாநில வண்டிகளிடம் வாழ்நாள் வரி கேட்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. பதிவுச் சட்டம் பன்னிரண்டு மாதம் தருகிறது. அந்த வரிச் சட்டம் முப்பது நாள் என்றது. பெங்களூருக்கு வேலைக்குப் போன பலர் இந்த முரண்பாட்டில் சிக்கினர்.

டெல்லியில் வேறொரு காரணம் சந்தையை மாற்றியது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு பிற மாநிலங்களில் பதினைந்தாண்டு செல்லும். டெல்லியில் ஆயுள் முடிந்த டீசல் கார், வேறு மாநிலத்தில் இன்னும் ஐந்தாண்டு ஓடலாம் என்பதால், டெல்லியிலிருந்து மலிவு விலையில் வண்டிகள் வெளியேறின.

பெயர் மாற்றாமல் கைமாறும் வண்டிதான் இந்த வணிகத்தின் தீராத நோய். விற்றவரிடம் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, தரகர்கள் வண்டியைப் பல கைகளுக்கு மாற்றிவிடுவார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இது குறித்துத் தெளிவாகத் தீர்ப்பளித்தது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர். வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. வண்டியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றிருந்தாலும் விதிவிலக்கில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பழைய கார் விற்பனையாளர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், வண்டி அவர்களிடம் இருக்கும் காலத்தில் பொறுப்பு அவர்களுடையதே என்றும் வகுத்தன.

இதற்கிடையே, வட்டார அலுவலகங்களின் தடித்த பதிவேடுகள் வாகன் என்னும் நாடு தழுவிய கணினித் தரவுத்தளத்துக்கு மாறின. எண்ணைத் தட்டினால் வரி, காப்பீடு, கடன் விவரங்களைப் பார்க்க முடிகிறது. 2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். என்ற பாரத் வரிசை எண் கிடைக்கிறது. அரசு ஊழியர்கள், படைவீரர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் இதைப் பெறலாம். இவர்கள் வாழ்நாள் வரிக்குப் பதிலாக இரண்டாண்டுக்கு ஒருமுறை வரி கட்டுகிறார்கள். மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

மற்றவர்களுக்குப் பழைய வழியே இன்றும் வழி. எந்த மாநிலத்தில் வாங்கினாலும் முழுப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் தடையில்லாச் சான்றைக் கையில் பெறுவதும், சேஸிஸ் எண்ணை நேரில் சரிபார்ப்பதும், வந்த மாதத்திலேயே பெயர் மாற்ற விண்ணப்பிப்பதும் வாங்குபவரைக் காக்கும். பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது விற்பவரைக் காக்கும்.