கூட்டுப்பொருள்களில் எந்திரச் சேதம்: மதிப்பீட்டின் வரலாறு

கூட்டுப்பொருள் (காம்போசிட்) என்பது கண்ணாடி, கார்பன் போன்ற வலுவான இழைகளைப் பிசினில் பதித்து, அடுக்கடுக்காக ஒட்டி உருவாக்கப்படும் பொருளாகும். விமான இறக்கை, காற்றாலை இறகு, படகு ஆகியவற்றில் இது பயன்படுகிறது. இதை வெட்டும்போதும் துளையிடும்போதும் ஏற்படும் சேதத்தை மதிப்பிடும் முறை படிப்படியாக வளர்ந்ததாகும்.

சேதத்தின் தன்மை

சின்ன காஞ்சிபுரத்தில் நெய்த பட்டைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தால், முனையில் பாவு நூல்கள் பிரிந்து தொங்கும். அதைக் கண்ணால் பார்க்கலாம். முடிச்சுப் போட்டுச் சரிசெய்யலாம். கூட்டுப்பொருளின் விளிம்பிலும் இழைகள் பிரிகின்றன. ஆனால் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. துளையிடும் அலகு நுழையும் பக்கத்தில் மேலடுக்கை உரித்துத் தூக்குகிறது. வெளியேறும் பக்கத்தில் கடைசி அடுக்குகளை வெட்டுவதற்கு முன்பே தள்ளிப் பெயர்த்துவிடுகிறது. இதுவே 'அடுக்குப் பிரிதல்' எனப்படும். இவ்வாறு பிரிந்த இடம் அழுத்தத்தைத் தாங்காது. தொடர்ந்து அதிர்வுக்கு உள்ளானால் மேலும் விரியக்கூடும்.

அளவீடு வளர்ந்த விதம்

உலோகத்தை வெட்டினால் சுருள் சுருளாகச் சீவல் வரும். கார்பன் இழைக் கூட்டுப்பொருளோ சிறுசிறு முறிவுகளாக உடைந்தே வெட்டுப்படுகிறது என்பதை 1983இல் கோப்லெவும் அவருடைய சகாக்களும் விளக்கினர். எனவே உலோகத்துக்கான சொரசொரப்பு அளவை மட்டும் இங்கே நம்ப முடியாது.

1990இல் பெர்க்லியில் ஆய்வு செய்த ஹோசெங், தரண் ஆகியோர் சேதத்தின் காரணத்தைக் கணக்கிட்டனர். அலகு கீழே செல்லச் செல்ல, வெட்டப்படாமல் எஞ்சிய அடுக்குகள் மெலிகின்றன. உந்துவிசை ஒரு வரம்பைத் தாண்டினால் அவை பிரிந்துவிடும். துளை முடியும் தறுவாயில் அலகின் வேகத்தைக் குறைப்பதும், கீழே பலகை வைத்துத் தாங்குவதும் ஏன் பலனளிக்கின்றன என்பதை இக்கணக்கு விளக்கியது.

1997இல் சென் என்பவர் 'பிரிதல் காரணி' என்ற எளிய எண்ணைப் பயன்படுத்தினார். சேதம் எட்டிய பெரும விட்டத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 6 மில்லிமீட்டர் துளையைச் சுற்றிச் சேதம் 7.5 மில்லிமீட்டர் விட்டம் வரை எட்டினால் காரணி 1.25 ஆகும். சேதமே இல்லையெனில் காரணி 1.

இந்த எண்ணுக்கு ஒரு குறை உண்டு. ஒரே ஒரு மெல்லிய கீறல் மட்டும் நீண்டிருந்தாலும் 1.25 வரலாம், துளையைச் சுற்றி முழு வளையமே பிரிந்திருந்தாலும் 1.25 வரலாம். இரண்டும் ஒரே ஆபத்து அல்ல. ஆகவே 2007இல் போர்ச்சுகலைச் சேர்ந்த டேவிமும் சகாக்களும் பிரிந்த பரப்பளவையும் சேர்த்துக் கணக்கிடும் திருத்திய காரணியை முன்வைத்தனர்.

கண்ணாடி இழைப் பலகையில் ஒளி ஊடுருவுவதால் பிரிந்த பகுதி கண்ணுக்குத் தெரியும். கார்பன் பலகை கறுப்பானது; ஒளியை விடாது. அதன் உட்சேதத்தைக் காண மீயொலிச் சோதனையும் எக்ஸ் கதிர்ப் படமும் தேவைப்படுகின்றன.

இந்திய அனுபவம்

2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடற்கட்டமைப்பு எடையில் சுமார் 45 விழுக்காடு கூட்டுப்பொருளாகும். அதன் வால் துடுப்பு போன்ற பாகங்களைத் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கியது. தோலையும் உள்விலா எலும்புகளையும் ஒரே சூட்டில் சேர்த்து இறுகச் செய்யும் முறையால் திருகுகளும் தறையாணிகளும் குறைந்தன. கூட்டுப்பொருள் வடிவமைப்பால் சுமார் 2,000 துளைகள் தவிர்க்கப்பட்டதாகத் தேஜஸ் திட்டத்தினர் குறிப்பிட்டுள்ளனர். இடாத துளையில் சேதம் இல்லை.

எனினும் எல்லாத் துளைகளையும் தவிர்க்க இயலாது. துளையிடுதல் பெரும்பாலும் உற்பத்தியின் இறுதிக் கட்டத்தில் நடைபெறுகிறது. அங்கே ஒரு துளை பிழைத்தால், அதுவரை செலவிட்ட உழைப்பும் பொருளும் வீணாகும். பிழை கண்ணில் படாமல் போனால் அது விமானத்தோடு பறக்கும். பழுதான பாகத்தை ஒதுக்குவது மட்டுமல்லாமல், நல்ல பாகத்தை வீணாக ஒதுக்காமல் இருப்பதும் சரியான மதிப்பீட்டின் பயனாகும்.