அஷோலோட்

வண்ண மீன் கடையொன்றில் ஒரு தொட்டியின் மேல் ‘நடக்கும் மீன்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தது மீனே அல்ல. மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் ‘ஆக்சலாட்டில்’ என்று சொல்லும் சாலமாண்டர். தலையின் இருபுறமும் மும்மூன்றாக இறகுபோல் விரிந்த செவுள்கள். மற்ற சாலமாண்டர்கள் பலவும் வளர்ந்ததும் இவற்றை உதிர்த்துவிட்டுக் கரையேறும். இது முட்டையிடும் வயதிலும் குஞ்சுக் கோலத்தோடு நீரிலேயே கிடக்கும். பெயர் மெக்சிகோவின் நாவாட்டல் மொழியிலிருந்து வந்தது. ‘ஆட்ல்’ என்றால் நீர். ‘ஷோலோட்ல்’தான் வில்லங்கம்: ஆஸ்டெக்குகளின் நாய்முகக் கடவுளின் பெயர் அது; ஏவலாள், விகாரப் பிறவி என்றும் பொருள் சொல்கிறார்கள். பலிக்கு அஞ்சி ஓடிய அவர் இரட்டை மக்காச்சோளமாகி, இரட்டைக் கற்றாழையாகி, கடைசியில் நீருக்குள் இந்தப் பிராணியாகியும் அகப்பட்டு மாண்ட கதையை 16ஆம் நூற்றாண்டில் சகாகுன் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். கடவுள் என்ற பெயர்தான், உயிர்மேல் அவ்வளவு ஆசை! ஸ்பானிய மொழியில் இந்தப் பிராணியின் பெயர் ‘அஹோலோத்தே’ ஆயிற்று. ஆங்கிலேயர் ‘ஷ’வை ‘க்ஸ’ ஆக்கினார்கள், நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். தமிழில் ‘நீர்நாய்’ என்று பெயர்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் வாளைமீன் பிடித்துத் தின்னும் விலங்குக்கு அந்தப் பெயரைச் சங்கப் புலவர்களே கொடுத்தாயிற்று. ‘செவுள்பல்லி’ என்றால், இது பல்லியும் இல்லை. ‘அஷோலோட்’ என்றே எழுதலாம் என்பது என் கட்சி. வாலிலுள்ள ‘ல்’ நம் நாக்கில் எப்படியும் நிற்காது.