முன்னருள் நினைவும் முறையீடும்

இடருற்ற காலத்து இறைவனை வேண்டுவோர், அவன் முன்னர்ச் செய்த அருட்செயலை எடுத்துரைத்து, அவ்வாறே தமக்கும் அருளுமாறு முறையிடுதல் பல சமயங்கட்கும் பொதுவான வழக்காகும். எபிரேயர்தம் சங்கீதங்களுள் 77ஆவது, துயருள் ஆழ்ந்தான் ஒருவன், தன் முன்னோரைக் கடல் நடுவே வழிநடத்திய அருளை நினைந்து தேறுவதாக அமைந்துள்ளது. ஏர்க்காட்டு ஒண்டிக்கடைக்கு மேலே, 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் குகைக்கோயில் கொண்ட சேர்வராயனுக்கு மே மாதத்தில் விழாவெடுக்கும் மலையாளிகளும், தம் முன்னோர் காஞ்சியினின்று போந்தவர் என்னும் மரபினை வழிவழியாகப் போற்றி வருகின்றனர். கூட்டத்தின் நினைவு அத்துணை உரம் வாய்ந்தது. தேவாரத்துள் நாம் காண்பதோ பெரும்பாலும் தனியொருவர் முறையீடு.

சூலை நோயால் வருந்திய நாவுக்கரசர் திருவதிகையிற் பாடியதாகக் கொள்ளப்பெறும் முதற்பதிகம் நான்காந் திருமுறையின் தலைப்பில் நிற்கிறது. அதன் இறுதிப் பாடலில் இராவணன் வருகிறான். மலையின் கீழ் அவனை அடர்த்துப் பின் அருள் செய்ததை இறைவனுக்கு எடுத்துக் கூறி, 'கருதாய்' என்கிறார் அடிகள். சம்பந்தர் எட்டாம் பாடலிலும் நாவுக்கரசர் இறுதிப் பாடலிலும் இராவணனைக் கூறுதல் பெருவழக்காதலின், இதனையும் வாய்பாடெனக் கடந்து செல்வார் உளர். அஃது ஏற்புடைத்தன்று. 'கருதாய்' என்பதனை ஏவலாகவும் கொள்ளலாம். 'கருதுகின்றிலை' என எதிர்மறையாகவும் கொள்ளலாம். அதனையடுத்து வரும், வேதனையை விலக்குமாறு வேண்டும் வினையும் அவ்வீறே பெற்று நிற்றலின், ஏவல் எனக் கொள்வதே பொருந்துமென்பது எம் கருத்து. எவ்வாறு கொள்ளினும், முன்னருளை இறைவனுக்கு நினைவூட்டுதல் என்னும் கருத்து மாறுபடாது.

இங்கு எடுத்துக்காட்டாக நின்றவன் அடியவன் அல்லன். மலையையே பெயர்க்க முனைந்த பிழையாளன். சமணத்தினின்று மீண்டு வந்த அடிகள், தம் நிலைக்கு ஒத்தவனைத் தேர்ந்தே முறையிட்டார் எனக் கொள்வதில் தடையில்லை.

பிற்காலப் பதிகங்களில் இந்நிலை மாறுகிறது. திருநீலக்குடிப் பதிகத்தில் (ஐந்தாந் திருமுறை), கல்லொடு பிணித்து நீரில் தள்ளப்பட்டதையும், அரன் நாமம் நவின்று உய்ந்ததையும் அடிகள் தம் வாக்காலேயே கூறுகிறார். திருநனிபள்ளிப் பதிகம் பாற்சோற்றில் இட்ட நஞ்சு அமுதானதைக் கூறும். முன்பு பிறன் பெற்ற அருளைச் சான்று காட்டியவர், இப்போது தாம் பெற்றதனையே சான்றாக வைக்கிறார். வரலாற்று மாணவர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இவ்வடிகளில் அமணர் சுட்டப்பெறுகின்றனரேயன்றி, மன்னன் பெயர் இல்லை. பல்லவன் கதை 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் விரிவு பெறுவது. அவர் கூறும் குணபரவீச்சரத்தையும் திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டிலுள்ள குணபரன் என்னும் பெயரையும் இணைத்தே ஆய்வாளர் முதலாம் மகேந்திரவர்மனைக் கண்டனர். பதிகச் சான்றும் புராணச் சான்றும் வேறு வேறு தரத்தன. இரண்டையும் கலந்து கூறுதல் ஆய்வுக்கு ஆகாது.

இம்முறையீட்டு நெறி முழுவடிவம் பெற்றது சுந்தரரின் திருப்புன்கூர்ப் பதிகத்தில் (ஏழாந் திருமுறை). பாடல்தோறும் ஓர் அருட்செயலோ பலவோ கூறி, அதனைக் கண்டே நின் அடி அடைந்தேன் என முடிக்கிறார். வழக்குமன்றத்தில் முன்தீர்ப்புக் காட்டுவார் போன்றதோர் அமைப்பு இது. முதற்கண், அடைக்கலம் புகுந்த அந்தணனுக்காகக் காலன் உயிர் கவர்ந்த செயல் வருகிறது. அடுத்து ஊரார் வேண்டுகோள்: மழை பொய்த்து வயல் வறண்டபோது நிலம் தருவதாகக் கூறி மழை பெற்றனர், அது பெருவெள்ளமாகவே, அதனைத் தவிர்த்தற்கு மீண்டும் பன்னிரு வேலி அளித்தனர். தொன்மக் கதைக்கு அருகே, வேலிக் கணக்கோடு கூடிய ஊர்ச் செய்தி ஒன்று ஒத்த மதிப்புடன் வைக்கப்பெற்றிருப்பது வியக்கத்தக்கது. நிலக்கொடை வரலாறு ஆராய்வார் இதனை இன்னும் நுணுகிக் காணல் தகும்.

நான்காம் பாடலில் ஞானசம்பந்தர், நாவுக்கரசர், நாளைப்போவார், சாக்கியர், கண்ணப்பர், கணம்புல்லர் முதலியோரோடு சூதாடியும் சிலந்தியும் ஒருங்கே எண்ணப்படுகின்றனர். இவர்தம் குற்றத்தையும் குணமாகக் கொண்ட கொள்கையே சுந்தரர் காட்டும் சான்று. அதிகையில் இராவணனைக் காட்டி முறையிட்டவர், அடுத்து வந்த ஒருவர் முறையீட்டில் தாமே சான்றாக இடம் பெறுகிறார்.