வங்கத்து மணத்தைலங்கள்

உடற்பிடிப்பில் மணநெய் பயன்படுத்தும் முறையின் வரலாற்றைக் கட்டஃபோசேயின் 1937ஆம் ஆண்டுப் பிரெஞ்சு நூலிலிருந்து தொடங்குவோர் உளர். இது பொருந்தாது. 11ஆம் நூற்றாண்டிலேயே வங்க மருத்துவர் சக்கரபாணிதத்தர் உடலிற் பூசித் தேய்க்கும் தைலங்கள் பலவற்றைத் தொகுத்துள்ளார். எனினும் அவை இன்றைய வடித்தெடுத்த மணநெய்கள் அல்ல; பெரும்பாலும் சரக்குகளிட்டு நல்லெண்ணெயிற் காய்ச்சியவை. வெம்மையில் மணம் ஆவியாகிவிடுமாதலின் மணச்சரக்கை இறுதியிற் சேர்ப்பது வங்க மருத்துவர் மரபு. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆய்வுக்கு இடராகும்.

பிற்காலக் கொல்கத்தாவில் தைலம் வணிகப் பொருளாயிற்று. சி. கே. சென் நிறுவனத்தின் ஜபாகுசும் கூந்தல் தைலம் 1878இல் வெளிவந்தது. ஹேமேந்திரமோகன் போஸ் தம் குந்தலீன் தைலத்தை விளம்பரப்படுத்தச் சிறுகதைப் பரிசு ஏற்படுத்தினார். 1896இல் அதனைப் பெற்ற ஜகதீச சந்திர போஸின் கதையில் நோய் தீர்த்தல் அன்று, கடற்புயலை அடக்குதலே தைலத்தின் பணி.