இரண்டு ஸ்ரீ

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஏழெட்டு மைல் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான். அதன் முதலெழுத்தைக் கணிப்பொறியில் இரண்டு விதமாக அமைக்கலாம். 'ஸ'வைக் கொண்டு ஒன்று. 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வைக் கொண்டு மற்றொன்று. நம் கண்ணுக்கு ஒரே ஸ்ரீ. இயந்திரத்துக்கோ இரண்டு வெவ்வேறு ஊர்! பால்கோவாக் கடைக்காரர் ஒரு ஸ்ரீயில் இணையப் பெயர் பதிந்தால், எத்தன் ஒருவன் மற்ற ஸ்ரீயில் பதிந்து வாடிக்கைக்காரர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

எந்தச் சர்க்கார் இதைத் தீர்ப்பது? தமிழெழுத்து இந்தியாவுக்கு மட்டுமா சொந்தம்? இலங்கையும் சிங்கப்பூரும் இருக்கின்றனவே. இணையத்தின் வேர்ப்பட்டியலை அமெரிக்க வர்த்தக இலாகா மேற்பார்த்து வந்தது. 2016 அக்டோபர் 1-இல் அந்தப் பொறுப்பை விட்டது. அரசுகள், கம்பெனிகள், எஞ்சினீயர்கள், சாதாரண ஜனங்கள் எல்லாரும் கூடிப் பேசும் ஐகான் சபையின் கைக்கு அது வந்தது. அச்சபையின் 'நவ பிராமி' குழுவில் பல நாட்டு அறிஞர்கள் தாமாக முன்வந்து ஒன்பது லிபிகளை அலசினார்கள். 2019-இல் வந்த தமிழ் விதி, இரண்டு ஸ்ரீயையும் மாற்றுரு என்று பிணைத்தது. 'ஔ'வும் 'ஒள'வும் அப்படியே.

ஆனால் அந்த விதி '.இந்தியா' போன்ற கடைசிப் பகுதிக்குத்தான். கடைப் பெயர் வரும் இடத்தில் காவல் போடுவது அந்தந்தப் பதிவகத்தின் பாடு.