வீட்டுக்குப் பின்னால் ஒரு புவா கெராஸ் மரம்: பொறுக்குவதும் சமைப்பதும்

பசாரில் காசு கொடுத்து வாங்கும் புவா கெராஸ், மரம் இருக்கும் வீடுகளில் பல நேரம் யாரும் சீண்டாமல் மண்ணிலேயே மக்கிப் போகிறது. சம்பலுக்கும் லக்சாவுக்கும் அரைத்துச் சேர்க்கும் அதே பருப்புதான். ஓட்டை உடைப்பது பெரும்பாடு என்பது ஒரு காரணம். பச்சையாகத் தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்ததைப் பார்த்து, விஷக்காய் என்று ஒதுக்கிவிடுவது இன்னொரு காரணம். அந்த அச்சத்தில் பாதி நியாயம் உண்டு.

மரத்தை அடையாளம் காண்பது எளிது. இளந்தளிர்களின் மேல் வெண்மையான தூள் படிந்திருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு யாரோ மாவு தூவிவிட்டது போலத் தெரியும். இளம் மரத்தின் இலைகள் மூன்று அல்லது ஐந்து முனைகளாகப் பிரிந்திருக்கும். சிறிய வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். காய் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் கறுத்த, சொரசொரப்பான ஓடு கொண்ட ஒன்று அல்லது இரண்டு கொட்டைகள் இருக்கும்.

இந்தோனேசியாவில் இதற்குக் கெமிரி என்று பெயர். ஹவாயில் குக்குயி, 1959 முதல் அதுவே அங்கு மாநில மரம். பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். அதனால் ஹவாய் மக்கள் அக்காலத்தில் பருப்புகளைத் தென்னை ஈர்க்கில் கோத்து, ஒன்றன்பின் ஒன்றாக எரியும் விளக்காகப் பயன்படுத்தினார்கள். தமிழில் இதை நாட்டு அக்ரோட்டு என்பார்கள். அக்ரோட்டு என்பது வால்நட். ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. புவா கெராஸ் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரப்பரும் மரவள்ளியும் அதே குடும்பம்தான். மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்று வீட்டில் பாட்டி சொல்லும் எச்சரிக்கை இந்தப் பங்காளிக்கும் பொருந்தும்.

பச்சைப் பருப்பைத் தின்றால் சில மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு வரலாம். ஓடு நீக்கிய பருப்பு பார்வைக்கு மக்கடேமியா போல வெள்ளையாக, உருண்டையாக இருப்பதால் ஏமாறுவது பிள்ளைகள் மட்டுமல்ல. பிள்ளை தின்றுவிட்டால் மிச்சமிருக்கும் கொட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதைத் தின்றது என்பது மருத்துவருக்குத் தெரிவது முக்கியம். நிலை மோசமாக இருந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

இதைவிடக் கவலை தருவது உடல் இளைக்க என்று இணையத்தில் விற்கப்படும் ‘இந்தியக் கொட்டை’. தென் அமெரிக்காவில் இந்தப் பெயரில் புவா கெராஸ் பருப்பைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். எடை குறைவதாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் போகும் தண்ணீர்தான். அதற்கும் மேல், இவ்வாறு விற்கப்பட்ட சில பொருட்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோதித்தபோது, உள்ளே இருந்தது மஞ்சள் அரளி விதை என்று தெரிந்தது. மஞ்சள் அரளி விதை இதயத்தை நிறுத்தக்கூடியது என்பதை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மரத்துக்கு வருவோம். காயைப் பறிக்கத் தேவையில்லை. முற்றினால் தானாக விழும். இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை பொறுக்கினால் போதும். ஈர மண்ணில் நீண்ட நாள் கிடந்தவற்றை விட்டுவிடலாம். மேல்தோலை உரித்து, கொட்டையைக் கழுவி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் பொக்குக் கொட்டைகள் மிதக்கும். அவற்றை வீசிவிட்டு, மூழ்கியவற்றை நல்ல வெயிலில் ஒரு வாரமாவது காய வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இதுதான் சிரமம். அரைகுறையாகக் காய்ந்த கொட்டையில் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு தூள்தூளாகத்தான் வரும்.

காய்ந்தவற்றையும் அப்படியே சுத்தியலால் அடித்தால் ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று சிதறும். அவனிலோ கனமான சட்டியிலோ நன்றாகச் சூடாக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் ஓட்டில் விரிசல் விழும். பிறகு துணியில் சுற்றி, அம்மிக்கல்லின் மேல் வைத்து, மெதுவாக ஒரே தட்டு. துணி இருந்தால் ஓட்டுச் சில்லு கண்ணில் தெறிக்காது. பருப்பு உடைந்தாலும் கவலையில்லை. எப்படியும் அரைக்கத்தான் போகிறோம். கடைக்காரர்களுக்குத்தான் முழுப் பருப்பு வேண்டும்.

நாலைந்து பேருக்கு நெத்திலிச் சம்பல் என்றால் நான்கு அல்லது ஐந்து பருப்பு போதும். எண்ணெய் இல்லாத சட்டியில் பொன்னிறமாக வறுத்து, ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சிறு துண்டு பெலாச்சானோடு அரைக்க வேண்டும். விழுதை மிதமான தீயில், எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் இதைப் ‘பெச்சா மின்யாக்’ என்பார்கள். அவசரப்பட்டுப் புளித்தண்ணீரை ஊற்றினால் பச்சை வாசனையும் போகாது, பருப்பும் சரியாக வேகாது. கோழிப் பிரட்டலில் முந்திரிக்குப் பதிலாகவும் இதைச் சேர்க்கலாம், குழம்பு கெட்டியாகும். ருசியாக இருக்கிறது என்று கைப்பிடி கைப்பிடியாகப் போடக் கூடாது. கசப்புத் தட்டும், வயிற்றுக்கும் ஆகாது. கொட்டை வகைகள் ஒவ்வாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

எண்ணெய் அதிகம் என்பதால் உடைத்த பருப்பு சீக்கிரம் சிக்கடித்துவிடும். ஓட்டோடு இருந்தால் பல மாதம் தாங்கும். ஆகவே தேவைக்கு மட்டும் உடைப்பது உத்தமம். உடைத்ததை மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். மஞ்சளாகி வாடை வந்தாலோ பூஞ்சணம் பிடித்திருந்தாலோ, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்துவது ஆபத்து. மொத்தமாக வீச வேண்டும்.

தலைமுடிக்கும் இது பழைய மருந்து. பருப்பைக் கறுக வறுத்து, இடித்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பார்கள். முடி கறுப்பாகத் தெரிவதில் கரிக்குப் பெரும் பங்கு உண்டு. நரை மாறிவிடும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, அரிப்பு வருகிறதா என்று ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக நட விரும்புகிறவர்கள் இடத்தைப் பார்த்து நட வேண்டும். இது 20 மீட்டர்வரை ஓங்கிப் படரும் மரம். தெரு வீட்டுக் கொல்லைக்கு ஒத்து வராது. ஓடு கெட்டி என்பதால் விதை முளைக்கவும் மாதக்கணக்கில் ஆகலாம். கூரைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் தள்ளி, காய் விழுந்தால் பொறுக்க வசதியான சமதரையாகப் பார்த்து நட்டால், பின்னால் ஏணியும் தேவைப்படாது, தகரமும் நசுங்காது.